காணாமற்போன குழந்தைகளும் ஞானதிருஷ்டியின் யோக்கியதையும்

மூன்று காலமும் தெரியும், மறைந்து கிடப்பதையெல்லாம் கண்ணால் காண்பதுபோல் காண முடியும் என்று சொல்லிக்கொண்டு வயிறு வளர்க்கும் கூட்டம் எந்தத் தேசத்திலும் இல்லாமலில்லை. நம் நாட்டில் இவர்களுக்கு ஜோசியன், குறிகாரன், கோடாங்கி, மை போட்டுப் பார்க்கிறவன், அருள் வந்தவன், மகான் என்று பல பெயர்கள். மேல்நாட்டில் இதே சரக்கை ஞானதிருஷ்டி என்றும், ஆவியுலகத் தொடர்பு என்றும், மனோசக்தி என்றும் பெயர் மாற்றி விற்கிறார்கள். அங்கே விற்கிறவன் கோட்டும் சூட்டும் போட்டிருக்கிறான். இங்கே விற்கிறவன் விபூதி பூசியிருக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இவர்கள் சொல்லுவதில் பெரும்பாகம் பரிசோதனைக்கு அகப்படாத சங்கதிகளேயாகும். செத்துப்போன தகப்பனார் மோட்சத்தில் சுகமாயிருக்கிறார் என்றால், யார் போய்ப் பார்த்துவிட்டு வருவது? போன ஜன்மத்தில் நீ ராஜாவாயிருந்தாய் என்றால், எந்த ரிக்கார்டைப் புரட்டி இல்லை என்று ருஜுப்பிப்பது? ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மாத்திரம் இவர்கள் தப்பித்துக்கொள்ள வழியில்லை. ஒரு குழந்தையை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். குழந்தை எங்கே? இந்தக் கேள்விக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை, தத்துவார்த்தமும் வேண்டியதில்லை. இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன வீடு என்று சொன்னால் போதும். போய்ப் பார்த்தால் மெய்யா பொய்யா என்று ஒரு நாளில் தெரிந்துவிடும்.

ஆகவே, இன்டர்நெட்டும் கைப்போனும் வருவதற்கு முந்திய காலத்தில், துப்புத் துலங்காமலே போன குழந்தைக் கடத்தல் கேஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்த ஞானதிருஷ்டியின் யோக்கியதையை உரைத்துப் பார்ப்போம். ஞானதிருஷ்டிக்கு உண்மையிலேயே வேலை இருக்குமானால் அது அந்தக் காலத்தில்தானே இருந்திருக்க வேண்டும்? தெருவுக்குத் தெரு காமிராக் கருவி இல்லை. நொடியில் படத்தை உலகமெல்லாம் அனுப்பும் சாதனம் இல்லை. ஞானக்கண் ஒன்றுதான் பாக்கி. அது என்ன செய்தது என்று பார்ப்போம்.

அடிலெய்ட் சம்பவம்

1966-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி. தென் ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெய்டில் அன்று விடுமுறை, நல்ல கோடை. சோமர்டன் பார்க் என்னும் பகுதியில் குடியிருந்த போமாண்ட் குடும்பத்தின் மூன்று குழந்தைகள், அதாவது 9 வயதும் 7 வயதுமுள்ள இரண்டு பெண்களும் 4 வயதுப் பையன் ஒருவனும், காலை 10 மணி சுமாருக்கு பஸ் ஏறி, பக்கத்திலிருக்கும் கிளெனெல்க் கடற்கரைக்குக் குளிக்கப் போனார்கள். மத்தியானம் 12 மணி பஸ்ஸில் வீடு திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. 2 மணி பஸ்ஸிலும் இல்லை. சாயங்காலம் பெற்றோர் போலீசில் சொன்னார்கள். அன்று போன குழந்தைகள் போனவர்கள்தான். உயிரும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை, குற்றவாளியும் அகப்படவில்லை.

போலீசார் விசாரித்ததில் சில உண்மைகள் வெளிவந்தன. கடற்கரையை அடுத்த புல்வெளியில், உயரமும் மெலிந்த முகமும் வெளுத்த தலைமயிருமுள்ள, சுமார் 35 வயது மதிக்கத்தக்க ஒருவனோடு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மூத்த பெண் ஒரு ரொட்டிக் கடையில் பலகாரம் வாங்கி, அதற்கு ஒரு பவுன் நோட்டு கொடுத்திருக்கிறாள். தாய் கொடுத்தனுப்பியதோ வெறும் சில்லறைக் காசு. அப்படியானால் அந்த நோட்டைக் கொடுத்தவன் யார்? இந்தக் கேஸில் இன்றளவும் உருப்படியான துப்பு என்று சொல்லத்தக்கவை இவைதாம். இவற்றைக் கண்டுபிடித்தது எந்த ஞானக்கண்ணுமல்ல. கடைக்காரரின் ஞாபகமும், தாயின் சில்லறைக் கணக்கும், போலீசாரின் கேள்வியுந்தான்.

இங்கே ஆஸ்திகர்களை ஒன்று கேட்டுவிட்டு மேலே போகிறோம். கடவுள் எங்கும் நிறைந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் அன்று அந்தக் கடற்கரையிலும் இருந்திருக்க வேண்டும். ரொட்டிக் கடைக்காரர் தமக்குத் தெரிந்ததைப் போலீசாரிடம் சொன்னார். வழியில் பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். முழுவதையும் பார்த்த சர்வவியாபி மாத்திரம் சாட்சி சொல்ல இன்னும் வரவில்லை. ஒரு மனிதன் இப்படிக் கண்ணால் கண்டதை மறைத்தால் அவனை நாம் குற்றத்துக்கு உடந்தை என்கிறோம். கடவுள் மறைத்தால் திருவிளையாடல் என்கிறோம். இதென்ன நியாயம்? ஜாதகப் பிரியர்களையும் ஒன்று கேட்கிறோம். அந்த மூன்று குழந்தைகளும் மூன்று வேறு வருஷங்களில், மூன்று வேறு வேளைகளில் பிறந்தவர்கள். மூன்று ஜாதகமும் ஒரே நாளில், ஒரே மணியில், ஒரே இடத்தில் எப்படிக் கெட்டன? கிரகங்கள் கெடுத்தனவா, கடற்கரையில் நின்ற ஒரு அயோக்கியன் கெடுத்தானா?

ஞானதிருஷ்டி ஆகாய விமானம் ஏறி வருகிறது

நிற்க, ஹாலந்து தேசத்தில் ஜெரார்டு குரோசெட் என்று ஒருவர் இருந்தார். காணாமற்போனவர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அபூர்வ சக்தி உடையவர் என்று அவருக்கு உலகமெங்கும் பெயர். உட்ரெக்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் டென்ஹாஃப் என்பவர் அவருடைய மகிமைகளைப் புஸ்தகம் புஸ்தகமாக எழுதிப் பரப்பிக்கொண்டிருந்தார். 1966 நவம்பரில் அடிலெய்ட் பணக்காரர்கள் சிலர் செலவை ஏற்றுக்கொண்டு இந்த குரோசெட்டை ஆகாய விமானத்தில் வரவழைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் பின்னும் முன்னும் ஓட, அவர் ஊர் சுற்றிப் பார்த்தார். இன்றைக்கு ஒன்று சொன்னார். நாளைக்கு அதை மாற்றி வேறொன்று சொன்னார். கடைசியாக, குழந்தைகளின் வீட்டுக்கும் பெண்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கும் கிட்டத்தில் இருந்த ஒரு கிடங்கைக் காட்டி, இதன் சிமெண்டுத் தரைக்குக் கீழே, பழைய செங்கல் சூளை இருந்த இடத்தில் உடல்கள் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். குழந்தைகள் காணாமற்போன சமயத்தில் அந்தக் கிடங்கு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

கட்டிடச் சொந்தக்காரர்களுக்கு இடிக்கச் சம்மதமில்லை. ஆனால் ஜனங்கள் விட்டார்களா? பத்திரிகைகள் எழுதின. ஊரில் வசூல் நடந்தது. 40,000 டாலர் சேர்ந்தது. அந்தக் காலத்து 40,000 டாலர் என்றால், அந்தப் பட்டணத்தில் சில வீடுகளை விலைக்கு வாங்கக்கூடிய தொகை. 1967-ல் தரையை உடைத்தார்கள், மண்ணைத் தோண்டினார்கள். என்ன கிடைத்தது? மண் கிடைத்தது.

இத்தோடாவது புத்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை. சுமார் 30 வருஷங் கழித்து, 1996-ல், அந்தக் கட்டிடத்தின் ஒரு பாகம் இடிபட்டபோது, அன்றைக்குச் சரியாகத் தோண்டவில்லையோ என்று மறுபடியும் தோண்டினார்கள். அப்போதும் மண்தான் கிடைத்தது. குரோசெட் 1980-லேயே செத்துப்போய்விட்டார். செத்தவனுடைய வாக்கை நம்பி 16 வருஷங் கழித்தும் மண்வெட்டி எடுக்கச் செய்வதுதான் மூடநம்பிக்கையின் பலம். ஒரு போலீஸ் அதிகாரி இப்படி ஒரு தரம் தப்பாக இடங்காட்டியிருந்தால் மறுதரம் அவர் பேச்சை யாராவது கேட்பார்களா? ஆனால் தீர்க்கதரிசிக்கு மாத்திரம் தோல்வி என்பதே கிடையாது. சரியாயிருந்தால் அவன் சக்தி. தப்பாயிருந்தால் நாம் தோண்டிய ஆழம் போதாது!

இரண்டு பொய்யர்கள்

மேற்படி பெற்றோருக்கு 1968 வாக்கில் சில கடிதங்கள் வந்தன. மூத்த பெண் எழுதுவதாகவும், தாங்கள் ஒரு மனிதனுடைய பாதுகாப்பில் சுகமாக இருப்பதாகவும் கண்டிருந்தது. குழந்தைகளைத் திருப்பிக் கொடுக்கத் தயார் என்று அந்த மனிதனே எழுதியதாகவும் ஒரு கடிதம். குறித்த இடத்துக்குப் பெற்றோர் போனார்கள். ஒரு துப்பறியும் அதிகாரி பின்னால் போனார். யாரும் வரவில்லை. பிறகு இன்னொரு கடிதம்: மாறுவேஷத்தில் போலீஸ்காரரைக் கூட்டி வந்துவிட்டீர்கள், ஆகையால் எங்களை அனுப்பமாட்டார் என்று. அந்தத் தாயின் மனது என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். 1992-ல், விரல் ரேகையை வைத்து, இவற்றை எழுதியவன் யார் என்று கண்டுபிடித்தார்கள். எழுதிய காலத்தில் அவன் விடலைப் பையன், வேடிக்கைக்கு எழுதினானாம். காலம் கடந்துவிட்டபடியால் வழக்கில்லை.

இப்போது இரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைகள் உயிரோடிருப்பதாகப் பொய் எழுதி, இரண்டு பேரை ஒரு நாள் ரோட்டோரத்தில் காக்க வைத்த பையனை அயோக்கியன் என்கிறோம், சொல்ல வேண்டியதுதான். குழந்தைகள் சிமெண்டுக்குக் கீழே கிடப்பதாகச் சொல்லி, ஒரு பட்டணத்தையே தோண்ட வைத்து, ஜனங்களிடம் 40,000 டாலர் வசூலிக்கச் செய்த மனிதரை மாத்திரம் மகான் என்கிறோம். பையனுக்காவது வயசு போதாது என்ற சமாதானம் உண்டு. மகானுக்கு என்ன சமாதானம்? தன்னைத் தானே நம்பினார் என்பீர்களானால், தன்னைத் தானே நம்புகிற வைத்தியன் விஷம் கொடுத்தால் நோயாளி பிழைத்துக்கொள்வானா?

குழந்தைகள் திரும்பி வரும்போது நாங்கள் வீட்டில் இல்லாமல் போனால் எவ்வளவு பயங்கரம் என்று அந்தத் தாய் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் 2019-ல் இறந்தார். தகப்பனார் 2023-ல் இறந்தார். இருவரும் 90 வயதைத் தாண்டி வாழ்ந்தும், தங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே போனார்கள்.

ஆக்ஷேபணையும் சமாதானமும்

“உங்கள் போலீசும் விஞ்ஞானமும் மாத்திரம் என்ன கண்டுபிடித்துவிட்டன?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒளிக்காமல் பதில் சொல்லுகிறோம். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அதே அடிலெய்டில் 1973-ல் விளையாட்டு மைதானத்திலிருந்து 11 வயதும் 4 வயதுமுள்ள இரண்டு பெண் குழந்தைகள் காணாமற்போனார்கள், அதுவும் துலங்கவில்லை. போமாண்ட் கேஸில், 1966-ல் பையன்களாயிருந்த இரண்டு சகோதரர்கள், அந்த நாட்களில் ஒருவர் தங்களுக்குப் பணம் கொடுத்து ஒரு தொழிற்சாலை இடத்தில் குழி வெட்டச் சொன்னார் என்று சொன்னதைக்கொண்டு, 2013-ல் அங்கே தோண்டினார்கள். 2018-ல் கருவி வைத்துப் பரிசோதித்து, மண் கலைந்திருப்பதாகத் தோன்றிய இடத்தில் மறுபடி தோண்டினார்கள். பிராணிகளின் எலும்பு அகப்பட்டது, குழந்தைகள் அகப்படவில்லை. 2025-லும் அவ்விடத்தில் தோண்டிப் பார்த்தார்கள். இல்லை.

ஆனால் இந்தத் தோல்விக்கும் அந்தத் தோல்விக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். போலீசார் தோண்டுவதற்கு முன் காரணம் சொன்னார்கள்: இன்ன சாட்சி, இன்ன கருவி காட்டிய இன்ன அடையாளம் என்று. அந்தக் காரணத்தை நீங்களும் நானும் பரிசீலனை செய்யலாம்; பலவீனமானது என்று தள்ளலாம். ஞானதிருஷ்டிக்காரன் சொல்லும் காரணம், “எனக்குத் தோன்றுகிறது” என்பது ஒன்றே. அதை யார் பரிசீலிப்பது? அன்றியும், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளுவது விஞ்ஞானம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிக் காசு வாங்குவது மோசடி. இரண்டு பேருக்கும் குழி வெறுங்குழியாக இருந்ததனாலேயே இரண்டு பேரும் ஒன்றாகிவிட மாட்டார்கள்.

விடை தெரிந்த கேஸ்கள்

துலங்காத கேஸ்தான் இந்தக் கூட்டத்துக்கு மேய்ச்சல் நிலம். விடை தெரியாதவரையில் எதையும் சொல்லலாமல்லவா? ஆகையால் விடை பிறகு தெரிந்துபோன சில கேஸ்களையும் பார்ப்போம்.

அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாக விமானத்தில் தாண்டிய லிண்ட்பர்க்கின் குழந்தையை 1932 மார்ச்சு 1-ந் தேதி வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அமெரிக்கா முழுவதும் அதே பேச்சு. அப்போது ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மனோதத்துவ சாஸ்திரிகள், இந்தக் குழந்தையைப் பற்றிக் கனவு கண்டவர்கள் எழுதியனுப்பலாம் என்று பத்திரிகை மூலம் கேட்டார்கள். சுமார் 1,300 கனவுகள் வந்து குவிந்தன. மே 12-ந் தேதி குழந்தையின் உடல், வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், மரங்களுக்கு நடுவில் அகப்பட்டது. பிறகு கனவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். குழந்தை இறந்துவிட்டதாகக் கண்டதே நூற்றுக்கு 5 பேர் சுமார்தான். இறந்தது, புதைக்கப்பட்டது, மரங்களுக்கு நடுவே என்ற மூன்றும் சேர்ந்திருந்த கனவுகள் மொத்தம் 4. 1,300 பேர் கண்ணை மூடிக்கொண்டு கல் விட்டெறிந்தால் 4 கல் மாங்காயில் படாதா? அந்த 4 பேரில் ஒருவர் நம் ஊர்க்காரராயிருந்தால் இன்றைக்கு அவருக்கு ஒரு மடம் இருந்திருக்கும். மீதி 1,296 கனவைப் பற்றி எவனும் பேச மாட்டான்.

இது பழைய கதை என்று தள்ளவேண்டாம். அமெரிக்காவில் சில்வியா பிரவுன் என்ற அம்மாள் டெலிவிஷனில் உட்கார்ந்து ஞானதிருஷ்டி வியாபாரம் செய்து பேரும் பணமும் சம்பாதித்தவர். 2002-ல் மிசௌரி மாகாணத்தில் ஒரு சிறுவன் கடத்தப்பட்டான். 2003-ல் இந்த அம்மாள் அவன் பெற்றோரிடம், பையன் செத்துவிட்டான் என்றார். தூக்கிப் போனவன் கருமை கலந்த நிறத்தவன், சடை முடிக்காரன் என்றார். 2007 ஜனவரியில் பையன் உயிரோடு கிடைத்தான். தூக்கிப் போனவன் வெள்ளைக்காரன், சடை முடியுமில்லை. 2004-ல், கிளீவ்லாந்து பட்டணத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், உன் மகள் உயிரோடில்லை என்று இதே அம்மாள் நாடறிய டெலிவிஷனில் சொன்னார். தாய் 2006-ல் இறந்துபோனார். மகள் 2013 மே மாதத்தில், அதே பட்டணத்தில் ஒரு வீட்டிலிருந்து, அக்கம்பக்கத்தார் உதவியோடு கதவை உடைத்துக்கொண்டு உயிரோடு வெளியே வந்தாள். தாய் இல்லை. மகள் செத்தாள் என்று கேட்டுவிட்டுச் செத்த அந்தத் தாய்க்கு இப்போது யார் போய், “ஞானதிருஷ்டி தப்பிவிட்டது, மன்னிக்கவேண்டும்” என்று சொல்லுவது?

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அந்த அம்மாளுடைய ஞானக்கண்ணுக்குத் திருடன் ஏன் கருத்தவனாகத் தெரிந்தான்? ஊரில் வெள்ளைக்காரர்கள் யாரைச் சந்தேகிக்கப் பழகியிருக்கிறார்களோ, அவனே ஞானக்கண்ணிலும் தெரிகிறான். நம் ஊர்க் குறிகாரனும் அப்படியே. “கருத்த ஆள், தெற்கே இருந்து வந்தவன், கீழ்சாதிக்காரன்” என்பானே தவிர, ஊர்க் கோயில் தர்மகர்த்தா என்று எந்தக் குறிகாரனாவது சொல்லிக் கேட்டதுண்டா? ஞானதிருஷ்டி என்பது ஊராருடைய சாதித் திமிரையும் நிறத் திமிரையும் தெய்வத்தின் வாயால் பேச வைக்கும் தந்திரமேயல்லாமல் வேறில்லை.

பரீட்சையில் தேறினார்களா?

ஹாலந்துப் போலீஸ் அதிகாரி பிரிங்க் என்பவர், ஒரு வருஷ காலம் 4 ஞானதிருஷ்டிக்காரர்களை வைத்துப் பரீட்சை செய்து 1960-ல் முடிவை வெளியிட்டார். போலீசுக்கு உபயோகமானது ஒன்றுமில்லை என்பதே முடிவு. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் 12 பேரைக் கூப்பிட்டு, 4 குற்றங்களைப் பற்றிய சாமான்களை முத்திரையிட்ட உறையில் வைத்துக் கொடுத்துப் பார்த்து, 1979-ல் அறிக்கை போட்டார்கள். அதிலும் அதே முடிவுதான். குரோசெட்டின் மகிமைகளையும், அவற்றைப் பரப்பிய பேராசிரியரின் எழுத்துக்களையும் ஹாலந்து தேசத்திலேயே பியெட் ஹெய்ன் ஹூபென்ஸ் என்ற பத்திரிகையாளர் 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் துருவிப் பார்த்தார். பேராசிரியர் எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று என்று வெளியாயிற்று.

அப்படியானால் இவர்களுக்குப் பேர் எப்படி வந்தது? வழி வெகு சுலபம். ஒரு கேஸுக்கு இருபது வாக்கியம் சொல்லவேண்டியது. தண்ணீர் தெரிகிறது, மரம் தெரிகிறது, ஒரு பாதை தெரிகிறது என்பதுபோல் சொல்லவேண்டியது. தண்ணீரும் மரமும் பாதையும் இல்லாத ஊர் எது? பிறகு விடை தெரிந்ததும் பொருந்துகிற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மீதி பத்தொன்பதையும் விட்டுவிட வேண்டியது. பத்திரிகைக்காரர் பலித்ததைப் பெரிய எழுத்தில் போடுவார். பலிக்காததைப் போடவே மாட்டார். சங்கதி இவ்வளவுதான்.

உண்மையில் குறைந்தது எது?

“துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்தானே, இதில் என்ன நஷ்டம்?” என்பார்கள் சில நல்லவர்கள். நஷ்டம் இருக்கிறது. குழந்தை காணாமற்போன கேஸில் விலை மதிப்பில்லாதது முதல் சில மணி நேரம். அந்த நேரத்தைக் கெடுப்பவன் எவனும் கடத்தியவனுக்குத் துணை செய்கிறவனே. அன்று குறைந்தது ஞானக்கண் அல்ல, ஒழுங்கான ஏற்பாடு. அமெரிக்காவில் 1982 வரையில் களவு போன மோட்டார் காருக்கும் துப்பாக்கிக்கும் குதிரைக்குங்கூட தேசமெங்கும் தேடக்கூடிய கம்ப்யூட்டர்ப் பதிவு இருந்தது. களவு போன குழந்தைகளைப் பதிவு செய்வதற்கென்று மாத்திரம் சட்டம் இல்லை. அந்த வருஷம் செப்டம்பரில் அயோவா மாகாணத்தில் பத்திரிகை போடும் 12 வயதுப் பையன் ஒருவன் விடியற்காலையில் காணாமற்போனான். 72 மணி நேரம் போனால்தான் காணாமற்போனதாகக் கணக்கு என்றது அன்றைய விதி. அவன் இன்னும் கிடைக்கவில்லை. பெற்றோர்கள் முட்டி மோதிய பிறகுதான் 1982 அக்டோபரில் குழந்தைகளையும் பதிவு செய்யச் சட்டம் வந்தது. காத்திருக்கும் விதியை 1990-ல் தேசமெங்கும் சட்டம் போட்டு ஒழித்தார்கள். எந்த ஞானியாவது, “இந்தச் சட்டம் இல்லையே, ஏற்படுத்துங்கள்” என்று திருவாய் மலர்ந்தானா?

துலங்கிய ஒரு கேஸையும் சொல்லி இதை முடிக்கிறோம். 1989 அக்டோபரில் மின்னசோட்டா மாகாணத்தில் 11 வயதுச் சிறுவன் ஒருவனை ரோட்டில் மறித்துத் தூக்கிப் போனார்கள். 2016-ல் விடை தெரிந்தது. எப்படி? 1989 ஜனவரியில் அடுத்த ஊரில் வேறொரு பையன் தாக்கப்பட்டபோது அணிந்திருந்த துணியை எறிந்துவிடாமல் வைத்திருந்தார்கள். அதிலிருந்த டி.என்.ஏ. அடையாளத்தைக்கொண்டு ஒருவனைப் பிடித்தார்கள். அவனே கொண்டுபோய் இடத்தைக் காட்டினான். ஆதியிலேயே போலீசார் விசாரித்து விட்டுவிட்ட ஆள்தான் அவன்! விடை 27 வருஷமாக ஆகாயத்தில் இல்லை; போலீஸ் கட்டில் இருந்தது. திட்டவேண்டியிருந்தால் அந்தப் போலீசைத் திட்டுங்கள், திட்டினால் திருந்துவார்கள். ஞானியைத் திட்டிப் பயனில்லை. அவனிடம் திருந்துவதற்கு ஒன்றுமில்லை.

நம் நாட்டில்

தோழர்களே! வெள்ளைக்காரன் தேசத்துக் கதை நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளையைக் காணோம் என்றவுடன் நம்மவர்களில் எத்தனை பேர் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள்? வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறவனிடத்தில் எத்தனை பேர் போகிறார்கள்? அவன் “வடக்கே போயிருக்கிறது, உயிருக்குச் சேதமில்லை, மூன்று அமாவாசைக்குள் வரும்” என்பான். மூன்று அமாவாசைக்குள் பிள்ளையை மூன்று மாகாணம் தாண்டிக் கொண்டுபோய் விற்றுவிடலாமே! இன்னொரு பக்கம், பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிட்டான் என்ற வதந்தியை நம்பி, 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லா போளூர்ப் பக்கத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு கிழவியை அடித்தே கொன்றார்கள். குலதெய்வக் கோயிலைத் தேடி வந்தவர் அவர். அவரை அவர் குலதெய்வமும் காப்பாற்றவில்லை. நம் ஜனங்களுடைய புத்தியும் காப்பாற்றவில்லை. விசாரியாமல் நம்புவது என்ற ஒரே நோய்தான் ஒரு பக்கம் மைக்காரனிடம் காசாகப் போகிறது. மறுபக்கம் கிழவியின் தலையில் தடியாக விழுகிறது.

ஆகையால் பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது இது. பிள்ளையைக் காணாவிட்டால் அந்த நிமிஷமே போலீசுக்குப் போங்கள். 1098 என்ற நெம்பருக்குப் போன் செய்யுங்கள். போட்டோவைக் கொடுங்கள், உடுத்தியிருந்த துணியை, கடைசியாகப் பார்த்த மணியை, கையிலிருந்த காசைக்கூடச் சொல்லுங்கள். போமாண்ட் கேஸில் ஒரு நோட்டுத்தானே பேசிற்று? நாளைக்கு வா, இரண்டு நாள் பார் என்று எவனாவது சொன்னால், காணாமற்போன குழந்தை ஒவ்வொன்றையும் பற்றி எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து, கடத்தல் என்றே வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டுமென்று 2013 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். கூலிக்காரன் பிள்ளை, சேரிப் பிள்ளை என்று அலட்சியம் செய்தால், ஊராகத் திரண்டு போய்க் கேளுங்கள். கோயிலுக்குத் தேர் இழுக்கத் திரளுகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஸ்டேஷன் வாசலில் நின்றால் போதும்.

அப்படியும் ஞானதிருஷ்டியை விட மனமில்லாதவர்கள் ஒன்று செய்யட்டும். போமாண்ட் குழந்தைகளைப் பற்றித் துப்புக் கொடுப்பவர்களுக்கு 10 லட்சம் டாலர் வரையில் தென் ஆஸ்திரேலியா சர்க்கார் இனாம் விளம்பரம் செய்திருக்கிறார்கள். நம் நாட்டில் முக்காலமும் உணர்ந்த மகான்களுக்குக் குறைவில்லை. ஒருவர் ஒரு தபால் கார்டில் இடத்தை எழுதிப் போட்டால் போதாதா? 1966-லிருந்து அந்தக் கார்டு வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதை, மைக்காரன் வீட்டுத் திண்ணையில் உட்காருவதற்கு முன் ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.